பைலட் சீனியாரிட்டி: திறமைக்கு எங்கே இடம்?

அமெரிக்க விமானக் கம்பெனிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு வாக்குவாதம் தவறாமல் கிளம்பும். "அங்கே யூனியன் வைத்ததுதான் சட்டம், எத்தனை வருஷம் குப்பை கொட்டினார் என்று பார்த்துத்தான் கேப்டன் ஆக்குகிறார்கள், திறமையை எவனும் பார்ப்பதில்லை" என்பார் ஒருவர். "பார்க்காமலா முந்நூறு உயிரை நம்பிக் கொடுப்பார்கள்?" என்பார் இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் இது யூனியன் நல்லதா கெட்டதா என்கிற சண்டையாக மாறிவிடும், அப்புறம் விமானத்தைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

குழப்பம் எங்கே என்றால், இங்கே இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. ஒருவர் கேப்டன் ஆகத் தகுதி உள்ளவரா என்பது ஒரு கேள்வி. தகுதி உள்ள இருநூறு பேர் நிற்கும்போது அடுத்த இடம் யாருக்கு என்பது வேறு கேள்வி. சீனியாரிட்டி பதில் சொல்வது இரண்டாவதற்கு மட்டும்தான். இதைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாக விளங்கும்.

வெயிட்டிங் லிஸ்ட் மாதிரி ஒரு நம்பர்

ரயில் வெயிட்டிங் லிஸ்ட் நமக்கெல்லாம் அத்துப்படி. கோட்டா வகையறா சிக்கல்களை விட்டுவிடுவோம். டிக்கெட் எடுத்த நேரத்தைப் பொறுத்து உங்களுக்கு ஒரு நம்பர் விழும். முன்னால் இருக்கிறவர் கேன்சல் செய்தால் நீங்கள் ஒரு படி ஏறுவீர்கள். நீங்கள் எவ்வளவு பெரிய ஆள், எத்தனை முறை அந்த ரயிலில் போயிருக்கிறீர்கள் என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. முக்கியமாக, அந்த நம்பர் அந்த ஒரு ரயிலுக்குத்தான் செல்லும். வேறு ரயிலுக்கு மாறினால் அங்கே புதிதாக வால்பக்கத்தில்தான் சேர வேண்டும்.

அமெரிக்க விமானியின் சீனியாரிட்டி நம்பர் ஏறக்குறைய இதேதான். சீனியாரிட்டிப் பட்டியல் என்பது ஒரு கம்பெனியின் எல்லா விமானிகளையும் வேலைக்குச் சேர்ந்த வரிசையில் நிறுத்திய ஒரே பட்டியல். டெல்டாவுக்கு ஒன்று, யுனைடெட்டுக்கு ஒன்று, சவுத்வெஸ்ட்டுக்கு ஒன்று. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. ஒரே நாளில் ஒரே வகுப்பில் சேர்ந்தவர்களை எப்படி வரிசைப்படுத்துவது? சில கம்பெனிகளில் வயதில் மூத்தவர் முன்னால், சிலவற்றில் அரசு தரும் சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி இலக்கங்களைப் பார்ப்பார்கள். கேட்டால் சிரிப்பாக இருக்கும், ஆனால் முப்பது வருஷத்துக்கு ஒருவரின் கிறிஸ்துமஸ் விடுமுறையை அந்த இலக்கம் முடிவு செய்யக்கூடும்.

மேலே இருப்பவர்கள் கழிய ஒரே நிச்சயமான வழி ஓய்வு வயதுதான். 2007 டிசம்பர் வரை அது 60, அப்போது 65 ஆக்கினார்கள். ஒரே கையெழுத்தில் பட்டியலின் மேல்பகுதி ஐந்து வருஷம் உறைந்துபோனது, கீழே இருந்த இளைஞர்கள் அன்றைக்குச் சபித்த சாபம் சும்மா இல்லை.

அந்த நம்பர் எதையெல்லாம் முடிவு செய்கிறது

பதவி உயர்வு மட்டும்தான் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் ஒரு விமானியின் அன்றாட வாழ்க்கை முழுக்க அந்த நம்பரில்தான் தொங்குகிறது.

முதலில், எந்த விமானம், எந்த இருக்கை. விமானி அறையில் இடப்பக்க இருக்கை கேப்டனுடையது, வலப்பக்கம் ஃபர்ஸ்ட் ஆபீசருடையது. ஃபர்ஸ்ட் ஆபீசர் எடுபிடி இல்லை, முழுமையாகப் பயிற்சி பெற்ற இரண்டாவது விமானி. பெரும்பாலும் இருவரும் மாறி மாறித்தான் ஓட்டுவார்கள். கடைசி முடிவும் பொறுப்பும் மட்டும் கேப்டனுடையது. ஃபர்ஸ்ட் ஆபீசர் இடப்பக்கத்துக்குப் போவதைத்தான் அப்கிரேடு என்கிறார்கள்.

அடுத்து பேஸ், அதாவது எந்த ஊர் விமான நிலையத்திலிருந்து வேலை தொடங்குவது என்பது. வீடு ஒரு ஊரில், பேஸ் இன்னொரு ஊரில் என்று இருக்கிற விமானிகள் ஏராளம். வேலைக்குப் போவதற்கே முதல் நாள் வேறொரு விமானத்தில் காலி இருக்கை தேடிப் பறந்து போய், நாலைந்து பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த அறையில் படுத்து எழுந்து போவார்கள்.

அதற்கப்புறம் மாதாந்திர அட்டவணை. ஒவ்வொரு மாதமும் எல்லா விமானிகளும் தங்களுக்கு என்ன வேண்டும் என்று கம்ப்யூட்டரில் விருப்பம் போடுவார்கள், அதற்குப் பிட் என்று பெயர். கம்ப்யூட்டர் அந்தந்தப் பேஸ், விமானம், இருக்கைப் பிரிவில் மூத்தவரிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராக நிறைவேற்றிக்கொண்டே இறங்கும். ஒரு பிரிவில் நூறு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் ஆள் "சனி, ஞாயிறு வேண்டாம், காலை ஆறு மணிக்கு முன்னால் புறப்பாடு வேண்டாம், டிசம்பர் 25 வீட்டில்" என்று போட்டால் அப்படியே கிடைக்கும். அறுபதாம் ஆளுக்கு ஒன்று கிடைத்தால் ஒன்று கிடைக்காது. தொண்ணூற்றைந்தாம் ஆளுக்கு அட்டவணையே இல்லை, அவர் ரிசர்வ். எந்த நேரமும் போன் வரலாம் என்று காத்திருக்க வேண்டும். யாராவது உடம்பு சரியில்லை என்று லீவு போட்டால் இவர் ஓட வேண்டும்.

ஆட்குறைப்பும் இதே வரிசைதான், தலைகீழாக. கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியே. திரும்ப அழைக்கும்போது அவர்களில் மூத்தவர் முதலில் உள்ளே. இப்படித் தற்காலிகமாக வெளியே நிறுத்துவதை ஃபர்லோ என்பார்கள். டிஸ்மிஸ் இல்லை, நம்பர் பத்திரமாக இருக்கும், சம்பளம்தான் இருக்காது.

சம்பளத்தில் மட்டும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மணிக்கு இவ்வளவு என்கிற கட்டணத்தை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: எந்த விமானம், எந்த இருக்கை, கம்பெனியில் எத்தனையாவது வருஷம். பல கம்பெனிகளில் பன்னிரண்டு வருஷத்தோடு அந்த ஏணி முடிந்துவிடும், அதற்கு மேல் எத்தனை வருஷம் இருந்தாலும் அதே கட்டணம். ஆக, பட்டியலில் பத்தாவது ஆளும் ஆயிரமாவது ஆளும் ஒரே விமானத்தில், ஒரே இருக்கையில், பன்னிரண்டு வருஷம் தாண்டியவர்களாக இருந்தால் மணிக்கு வாங்குவது ஒரே பணம்தான். நம்பர் நேரடியாகப் பணம் தருவதில்லை. பெரிய விமானத்தையும் இடப்பக்க இருக்கையையும் முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது, பணம் அதன் பின்னால் வருகிறது.

இதுவரை பார்த்தது: சேர்ந்த தேதிக்கு ஒரு நம்பர், அந்த நம்பருக்கு ஒரு வரிசை, அந்த வரிசையில் விமானம், இருக்கை, ஊர், விடுமுறை எல்லாம். கம்பெனி மாறினால் நம்பர் போச்சு.

நம்பர் வந்துவிட்டால் கேப்டன் ஆகிவிடலாமா?

முடியாது. திறமை பார்க்கப்படுவது இந்த இடத்தில்தான்.

அமெரிக்காவில் பயணிகள் விமானத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசராக உட்காரவே ஏடிபி என்கிற மிக உயர்ந்த லைசென்ஸ் வேண்டும். அதற்குப் பொதுவாக 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், ராணுவத்திலிருந்து வருபவர்களுக்கும் சில கல்லூரிப் படிப்புகளுக்கும் சலுகை உண்டு. கேப்டன் ஆக, அதற்கு மேல் விமானக் கம்பெனி வேலையிலேயே 1,000 மணி நேர அனுபவம் வேண்டும். உங்கள் நம்பருக்கு அப்கிரேடு வந்துவிட்டது என்றால், பயிற்சிக்கு உங்களைக் கூப்பிடுகிறார்கள் என்று மட்டும்தான் அர்த்தம்.

வகுப்புகள் முடிந்ததும் சிமுலேட்டர். இது நிஜ விமானி அறை மாதிரியே அமைத்து, ஹைட்ராலிக் கால்களில் நின்று ஆடும் பயிற்சி இயந்திரம். அங்கே தவறாமல் வரும் ஒரு சோதனையைச் சொல்கிறேன். ஓடுபாதையில் விமானம் வேகமெடுக்கிறது. இதற்கு மேல் பிரேக் போட்டால் ஓடுபாதைக்குள் நிற்காது என்கிற ஒரு வேகம் உண்டு. அதைத் தாண்டிய அந்த நொடியில் பின்னால் உட்கார்ந்திருக்கும் பயிற்சியாளர் ஒரு இன்ஜினை அணைத்துவிடுவார். விமானம் ஒரு பக்கமாக இழுக்கும். காலால் மிதித்து நேராக்க வேண்டும், அவசரப்படாமல் மூக்கைத் தூக்க வேண்டும், ஒற்றை இன்ஜினோடு மேலேற வேண்டும், அதற்கு நடுவிலேயே பக்கத்தில் இருப்பவருக்கு வேலை பிரித்துக் கொடுக்க வேண்டும். செய்யத் தெரியவில்லை என்றால், பட்டியலில் முதல் நம்பராகவே இருந்தாலும் இடப்பக்க இருக்கை கிடையாது.

அதையும் தாண்டினால் நிஜப் பயணிகளோடு, நிஜ விமானத்தில், செக் ஏர்மேன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஓட்ட வேண்டும். செக் ஏர்மேன் என்பவர் மற்ற விமானிகளைச் சோதித்துத் தேர்ச்சி கொடுக்கும் அனுபவ விமானி. புதுக் கேப்டன்களை எஃப்ஏஏ என்கிற அரசு விமானப் போக்குவரத்து அமைப்பின் அதிகாரியும் ஒருமுறை கூடவே வந்து பார்ப்பார். தேறாதவர் பழைய வலப்பக்க இருக்கைக்குத் திரும்புவார், அல்லது வேலையே ஆட்டம் காணும்.

இத்தோடு முடிவதும் இல்லை. கேப்டன்கள் குறிப்பிட்ட மாதங்களுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப சிமுலேட்டருக்குப் போக வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மருத்துவச் சோதனை. இருபத்தைந்து வருஷ சர்வீஸ் என்பதற்காக எதிலும் தள்ளுபடி இல்லை. வேறு எந்தத் தொழிலில் சீனியர் ஆளை வருஷா வருஷம் கூப்பிட்டுப் பரீட்சை வைக்கிறார்கள், சொல்லுங்கள் பார்க்கலாம். டாக்டருக்கு இல்லை, வக்கீலுக்கு இல்லை.

ஆகத் திறமை இங்கே தேர்ச்சி, தோல்வி என்கிற வடிவில் இருக்கிறது. முதல் ரேங்க், இரண்டாம் ரேங்க் என்கிற வடிவில் இல்லை. அந்த ஆளுக்கு முடியுமா முடியாதா என்பதைத்தான் சோதனை பார்க்கிறது.

இந்தச் சோதனை சில சமயம் ஓட்டையாக இருந்திருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. 2009 பிப்ரவரி 12 அன்று நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 என்கிற பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். விமானத்தின் வேகம் குறைந்து, மேலெழும்பும் விசையை இழக்கும் எச்சரிக்கை வந்தபோது கேப்டன் மூக்கை இறக்குவதற்குப் பதிலாக மேலே இழுத்தார். அவர் முன்பே பல சோதனைகளில் தோற்றிருந்தார், அதில் சிலது கம்பெனிக்கே தெரிந்திருக்கவில்லை. மேலே சொன்ன 1,500 மணி விதி இந்த விபத்துக்குப் பிறகு, 2010இல் வந்த சட்டத்தின் விளைவு. 2019இல் ஹூஸ்டன் அருகே விழுந்த அட்லஸ் ஏர் சரக்கு விமானத்திலும் இதே கதைதான், அங்கே பயிற்சிகளில் தொடர்ந்து தடுமாறிய ஃபர்ஸ்ட் ஆபீசர். இரண்டிலும் கோளாறு, உள்ளே விட்டதில் இருக்கிறது. திறமையை ஒழுங்காகச் சோதியுங்கள் என்று யாராவது கோஷம் போட்டால் நானும் கூடவே போடுவேன். ஆனால் அது வரிசையை மாற்று என்கிற கோஷம் இல்லை.

சரி, திறமைப்படியே வரிசை போட்டால் என்ன?

நியாயமான கேள்வி. எல்லோரும் தேறியவர்கள்தான், அதிலும் நல்லவரை முதலில் ஏற்றலாமே?

எதை வைத்து அளப்பது என்பதில் முட்டிக்கொள்கிறது. விற்பனை வேலையில் விற்றதை எண்ணலாம். ஒரு நல்ல விமானியின் வேலை எப்படி இருக்கும் என்றால், ஒன்றும் நடக்காது. ஏறினார்கள், இறங்கினார்கள், பயணிகள் காபி நன்றாக இல்லை என்று குறைசொல்லிக்கொண்டு போனார்கள். சாதாரண விமானியின் வேலையும் பெரும்பாலும் அப்படியேதான் தெரியும். வித்தியாசம் வெளியே வருகிற நாள், அளக்கக் காத்திருக்கக் கூடாத நாள்.

எண்ணக்கூடியவை இல்லாமல் இல்லை: எரிபொருள் எவ்வளவு மிச்சம் பிடித்தார், எத்தனை விமானம் நேரத்துக்குக் கிளம்பியது, எத்தனை முறை வேறு ஊரில் இறக்கினார். கம்பெனிக்கு இந்தக் கணக்குகள் இனிக்கும். ஆனால் இவற்றைப் பதவி உயர்வோடு கட்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். புயல் மேகம் தெரிகிறது, இன்னும் இரண்டு டன் எரிபொருள் கூடுதலாக ஏற்றிக்கொள் என்று மனசு சொல்கிறது. தரையிறங்கும்போது சரியாக அமையவில்லை, மறுபடி மேலே போய்ச் சுற்றி வந்து இறங்குவதுதான் ஒழுங்கு. ஹைட்ராலிக் அளவில் சின்னச் சந்தேகம், இந்த விமானம் வேண்டாம் என்று மறுப்பதுதான் கேப்டனின் வேலை. இந்த மூன்றுமே மதிப்பெண் தாளில் மைனஸ் மார்க்காக விழும். மறுக்கிறவன் பின்னால் போவான், துணிந்து போய்விடுகிறவன் முன்னேறுவான், துணிந்தவன் தொண்ணூற்றொன்பது முறை சரியாகவே வந்து சேருவான் என்பதுதான் இதில் ஆபத்தே.

இது வெறும் கற்பனை இல்லை, விமானத் தொழில் பிறந்ததே இந்தச் சண்டையோடுதான். 1919 ஜூலையில் நியூயார்க் பெல்மாண்ட் பார்க்கிலிருந்து வாஷிங்டனுக்குத் தபால் விமானம் போக வேண்டும். கடும் மூடுபனி. இரண்டு விமானிகள் மறுத்தார்கள். தபால் துறை இருவரையும் வேலையிலிருந்து தூக்கியது. மற்ற விமானிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். திறந்த விமானி அறையில், திசைகாட்டியை நம்பி, தரையைப் பார்த்துப் பறந்த காலம் அது. நிறைய பேர் செத்தும் போனார்கள். மேலதிகாரி தள்ளிவிட்டு விமானி பறப்பது என்கிற அந்தப் பழக்கம் 1930கள் வரை தொடர்ந்தது. சீனியாரிட்டி இருக்கிற இடத்தில் இன்று ஒரு கேப்டன் "போகமாட்டேன்" என்றால் மேலாளரால் முறைக்க முடியும், அடுத்த பெரிய விமானத்துக்கான வரிசையில் அவரைப் பின்னால் தள்ள முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் வரிசையின் பக்கம் சாய்கிறேன்.

இன்னொரு கோணம், விமானி அறைக்குள்ளேயே இருக்கிறது. ஃபர்ஸ்ட் ஆபீசரின் எதிர்காலம் கேப்டன் எழுதும் குறிப்பில் இருக்கிறது என்று வையுங்கள். அப்போது கேப்டன் தப்பு செய்தால் அவர் வாயைத் திறப்பாரா?

1977 மார்ச் 27, டெனெரீஃப் தீவு. மூடுபனியில் டச்சுக் கம்பெனியான கேஎல்எம்மின் 747 ஜம்போ விமானம் ஒன்று அனுமதி இல்லாமலே ஓடத் தொடங்கி, ஓடுபாதையில் இருந்த அமெரிக்கக் கம்பெனி பான் ஆமின் 747 மேல் மோதியது. 583 பேர் இறந்தார்கள். அந்தக் கேஎல்எம் கேப்டன் அந்தக் கம்பெனியின் 747 பயிற்சிக்கே தலைவர், விளம்பரத்தில் முகம் வந்த மனிதர். திறமைப் பட்டியல் போட்டால் முதல் பக்கத்தில் இருந்திருப்பார். பக்கத்தில் இருந்த ஃபர்ஸ்ட் ஆபீசர் சுமார் இரண்டு மாதம் முன்புதான் 747க்குத் தேர்ச்சி பெற்றிருந்தார். சோதித்துத் தேர்ச்சி கொடுத்ததும் இதே கேப்டன்தான். முதல் முறை கேப்டன் இன்ஜின் வேகத்தைக் கூட்டியபோது "இன்னும் அனுமதி வரவில்லை" என்று சொன்னார். இரண்டாம் முறை எதிர்க்கவில்லை. பின்னால் உட்கார்ந்து இன்ஜின் கருவிகளைக் கவனிக்கும் மூன்றாவது ஆளான ஃப்ளைட் இன்ஜினியர் "அந்தப் பான் ஆம் விலகிவிட்டதா?" என்கிற மாதிரி கேட்டார், கேப்டன் அழுத்தமாக ஆமாம் என்றார். அத்தோடு சரி.

இந்த விபத்து சீனியாரிட்டிக்கு நேரடி சாட்சி என்று நான் சொல்லவரவில்லை, பனி, ரேடியோ, பணி நேர நெருக்கடி எல்லாம் சேர்ந்து நடந்தது. ஆனால் தன்னை மதிப்பிட்டவரைத் திருத்துவது மனிதனுக்கு எவ்வளவு கஷ்டம் என்பதை இதைவிடப் பச்சையாகக் காட்ட முடியாது. அதன் பிறகு ஜூனியர் பேசவும் கேப்டன் கேட்கவும் பழக்குகிற தனிப் பயிற்சியே வந்தது, யுனைடெட் 1981இல் தொடங்கிவைத்தது.

சுருக்கமாக: தேறியவர்களுக்குள் ரேங்க் போட நம்பகமான அளவுகோல் இல்லை. கைக்குக் கிடைக்கிற அளவுகோல்கள் தப்பான திசையில் தள்ளக்கூடியவை. யார் தயவும் தேவைப்படாத வரிசை, மறுக்கவும் பேசவும் தைரியம் தருகிறது.

இது யூனியன் வேலையா?

பாதி. அமெரிக்க விமானிகளின் பெரிய சங்கமான ஆல்ப்பா 1931இல் தொடங்கியது. ரயில்வே தொழிலாளருக்காக 1926இல் வந்த ரயில்வே தொழிலாளர் சட்டம் 1936இல் விமானத் தொழிலுக்கும் நீட்டிக்கப்பட்டது. ரயில்வேயில் சீனியாரிட்டி அதற்கு வெகுமுன்பே ஊறிப்போயிருந்தது. விமானிகளுக்கான முதல் கூட்டு ஒப்பந்தம் 1939இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸில் கையெழுத்தானது. இன்றைக்கு அந்தந்தக் கம்பெனியில் வரிசை எப்படி இயங்க வேண்டும் என்கிற விதிகள் இந்த மாதிரி ஒப்பந்தங்களில்தான் பக்கம் பக்கமாக இருக்கின்றன.

ஆனால் ஸ்கைவெஸ்ட் என்கிற பெரிய பிராந்தியக் கம்பெனியின் விமானிகளுக்கு ஆல்ப்பா போன்ற யூனியன் கிடையாது, அங்கேயும் சீனியாரிட்டி வரிசைதான். ஜெட்ப்ளூ விமானிகள் 2014இல்தான் ஆல்ப்பாவுக்கு ஓட்டுப் போட்டார்கள், அதற்கு முன்னாலும் பட்டியல் இருந்தது. காரணம் எளிது. ஆயிரக்கணக்கான பேர், ஒவ்வொரு மாதமும் அட்டவணை, ஒவ்வொரு வருஷமும் விடுமுறை. இதையெல்லாம் மேலாளர் உட்கார்ந்து பங்கு போட்டால் தினமும் ஒரு பஞ்சாயத்து. தேதியைப் பார்த்துக் கம்ப்யூட்டர் போட்டுவிட்டால் யாரும் யாரையும் நோக முடியாது. நிர்வாகத்துக்கும் தலைவலி குறைவு, அதை வெளியில் சொல்லமாட்டார்கள்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. செக் ஏர்மேன், பயிற்சியாளர், தலைமை விமானி போன்ற இடங்களுக்குக் கம்பெனிதான் ஆள் தேர்ந்தெடுக்கிறது. அங்கே நம்பர் மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகாது. மற்றவர்களை மதிப்பிடும் இடத்துக்கு மதிப்பிட்டே ஆள் எடுக்கிறார்கள்.

வலிக்கிற இடம்

இதுவரை படித்தால் நான் சீனியாரிட்டிக்கு விளம்பரம் செய்கிற மாதிரி தெரியும். இல்லை, இந்த முறையில் கொடுமைகளும் உண்டு.

மிகப் பெரியது, ஆரம்பத்தில் சொன்ன அந்த ரயில் விஷயம். கம்பெனி மாறினால் நம்பர் நம்மோடு வராது. இருபது வருஷம் கேப்டனாக இருந்தவரின் கம்பெனி மூடிவிட்டால், அடுத்த கம்பெனியில் அவர் முதல் வருஷச் சம்பளத்துக்கு, வலப்பக்க இருக்கையில், ரிசர்வில், கிறிஸ்துமஸ் அன்று போனுக்குக் காத்திருக்க வேண்டும். ஈஸ்டர்ன், பான் ஆம் இரண்டும் 1991இல் மூடியபோது ஆயிரக்கணக்கானவர்களுக்கு இது நடந்தது. இடப்பக்கம் இருக்கும் கேப்டனைவிட வலப்பக்கம் இருப்பவருக்கு இரண்டு மடங்கு அனுபவம் என்கிற வேடிக்கை இதனால்தான். கம்பெனி பிடிக்கவில்லை என்றால் ராஜினாமா செய் என்று விமானியிடம் சொல்வது லேசு, அவர் வீசிவிட்டுப் போவது வேலையை மட்டும் இல்லை, அத்தனை வருஷ நம்பரையும்.

அடுத்தது, அனுபவம் குறைந்த இருவர் ஒன்றாகச் சேர்ந்துவிடும் சிக்கல். நல்ல பயணங்களை மூத்தவர்கள் எடுத்துக்கொள்வதால், நள்ளிரவு, பனிக்காலம், பண்டிகை நாள் என்று மிச்சம் கிடப்பவை புதுக் கேப்டனுக்கும் புது ஃபர்ஸ்ட் ஆபீசருக்கும் சேர்ந்தே விழும். இதற்காகவே விதி உண்டு: அந்த வகை விமானத்தில் இருவருமே 75 மணி நேரத்துக்குக் குறைவு என்றால் சேர்ந்து பறக்கக் கூடாது. புதுக் கேப்டன் முதல் 100 மணி வரை மற்றவர்களைவிட நல்ல வானிலையில்தான் தரையிறங்கலாம். கட்டு போட்டிருக்கிறார்கள், புண் இருப்பதால்தான்.

இதற்கு நேரெதிரான வினோதமும் நடக்கிறது. வரிசை வந்தும் பலர் கேப்டன் ஆக மறுக்கிறார்கள். வலப்பக்கத்தில் மூத்தவராக இருந்தால் வார இறுதி வீட்டில். இடப்பக்கம் போனால் அந்தப் பிரிவில் கடைசி ஆள், மறுபடி ரிசர்வ். யுனைடெட்டில் 2023 வாக்கில் அறிவித்த கேப்டன் இடங்களில் கணிசமானவை நிரம்பாமல் கிடந்தன. அப்படிப்பட்ட சமயங்களில் சேர்ந்து சில வருஷமே ஆன ஜூனியர்கள்கூட இடப்பக்கம் ஏறினார்கள். "நரைத்தால்தான் கேப்டன்" என்பது இதனால் பொய்யாகிறது.

இரண்டு பட்டியல் ஒன்றாகும்போது

கம்பெனிகள் இணையும்போதுதான் விமானிகளுக்குள் நிஜமான சண்டை வரும். இரண்டு ரயிலை ரத்து செய்து ஒரே ரயிலாக விட்டால் எந்த வெயிட்டிங் லிஸ்ட்டின் முதல் ஆள் முதல் ஆள்? சேர்ந்த தேதிப்படி கலக்கலாம். அல்லது நான் என் பட்டியலில் பாதி தூரத்தில் இருந்தேன், புதிய பட்டியலிலும் பாதியிலேயே இருக்க வேண்டும் என்று விகிதப்படி கலக்கலாம். பழைய கம்பெனிக்காரர்கள் முதல் வழியைக் கேட்பார்கள், வேகமாக வளர்ந்த இளம் கம்பெனிக்காரர்கள் இரண்டாவதை. இரண்டிலும் நியாயம் இருக்கிறது, அதுதான் சிக்கல்.

2001இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், டிடபிள்யூஏ என்கிற இன்னொரு விமானக் கம்பெனியை வாங்கியது. டிடபிள்யூஏ விமானிகளில் பெரும்பகுதியினரை அமெரிக்கன் பட்டியலின் அடியில் அப்படியே ஒட்டவைத்தார்கள். ஸ்டேப்பிள் அடித்தார்கள் என்பதுதான் விமானிகளின் பேச்சு. அதே வருஷம் செப்டம்பர் 11 வந்தது, ஆட்குறைப்பு வந்தது, அடியில் இருந்தவர்கள் வெளியே போனார்கள். டிடபிள்யூஏ மிசௌரி மாநிலத்தில் வேரூன்றிய கம்பெனி. அந்த மாநிலத்தின் இரண்டு செனட்டர்கள், மெக்காஸ்கிலும் பாண்டும், கொண்டுவந்த சட்டம் 2007 டிசம்பரில் நிறைவேறியது: இனி இணைப்பு நடந்தால் பட்டியலை நியாயமாகக் கலக்க வேண்டும், ஒத்துவராவிட்டால் நடுவர் முன் போக வேண்டும்.

நடுவர் வந்தாலும் எல்லோரும் கேட்பார்கள் என்றில்லை. 2005இல் யுஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்ட்டும் இணைந்தன. நடுவர் ஜார்ஜ் நிக்கோலாவ் 2007இல் தீர்ப்புச் சொன்னார். பெரிய விமானங்களை ஓட்டிய யுஎஸ் ஏர்வேஸ்காரர்கள் ஐந்நூறு சொச்சம் பேரை உச்சியில் வைத்துவிட்டு, மீதியை ஏறக்குறைய விகிதப்படி கலந்தார். விளைவு, பதினைந்து வருஷத்துக்கும் முன்னால் சேர்ந்து ஆட்குறைப்பில் வெளியே நின்ற ஒரு யுஎஸ் ஏர்வேஸ் விமானி, அமெரிக்கா வெஸ்ட் பக்கம் புதிதாகச் சேர்ந்து வேலையில் இருந்தவருக்குக் கீழே வந்தார். யுஎஸ் ஏர்வேஸ் பக்கம் கொதித்தது. எண்ணிக்கையில் அவர்கள்தான் அதிகம், 2008இல் ஓட்டுப் போட்டு ஆல்ப்பாவையே வெளியேற்றிவிட்டுப் புது யூனியன் வைத்தார்கள். ஒரே கம்பெனி, ஒரே நிறச் சீருடை, ஆனால் கிழக்கு விமானி (பழைய யுஎஸ் ஏர்வேஸ்) மேற்கு விமானியோடு (பழைய அமெரிக்கா வெஸ்ட்) பறப்பதில்லை. வருஷக்கணக்கில் இப்படியே ஓடியது. 2013இல் அமெரிக்கனோடு இணைந்த பிறகு, 2016இல்தான் எல்லோருக்குமான ஒரே பட்டியல் வந்தது. இதே காலத்தில் டெல்டாவும் நார்த்வெஸ்ட்டும் 2008இல் இணைந்து, அந்த வருஷமே நடுவர் மூலம் பட்டியலை முடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போயின.

நம் பக்கமும் இது நடந்திருக்கிறது. ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் 2007இல் இணைக்கப்பட்டன. புதிதாக வரும் 787 விமானத்தின் பயிற்சியில் இந்தியன் ஏர்லைன்ஸ் பக்கத்து விமானிகளுக்கும் இடமா என்று 2012 மே மாதம் ஏர் இந்தியா பக்கத்து விமானிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், அது ஜூலை வரை நீடித்தது. செய்திகளில் சம்பளச் சண்டை மாதிரி வந்தது. அடியில் இருந்தது, பெரிய விமானத்துக்கான வரிசையில் யார் முன்னால் என்கிற கேள்வி.

இவ்வளவு வலி இருந்தால், நாட்டுக்கே ஒரு பொதுப் பட்டியல் வைத்து, கம்பெனி மாறினாலும் நம்பர் கூடவே வருகிற மாதிரி செய்தால் என்ன என்று விமானிகளே ரொம்ப காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வெளியிலிருந்து வருகிற இருபது வருஷக்காரர் உள்ளே நுழைந்தால் அவருக்குக் கீழே இருக்கும் ஒவ்வொருவரும் ஒரு படி இறங்க வேண்டும், அதற்கு ஓட்டுப் போட வேண்டியவர்களும் அவர்களேதான். கம்பெனிகளுக்கும் இதில் ஆசை இல்லை, அனுபவம் உள்ளவரை முதல் வருஷச் சம்பளத்துக்கு எடுக்கிற வசதியை யார் விடுவார்கள்? மூழ்குகிற கம்பெனியில் இருப்பவர் மட்டும்தான் இந்த யோசனைக்குக் கை தூக்குகிறார், அந்த நேரத்தில் அவருடன் பேசுவதற்கு எதிர்ப்பக்கம் ஆள் இருப்பதில்லை.